நாலாம் நம்பர் ஜன்னல்

மார்ச் 4

வீட்டுக்காரிக்கு,

நீ போய் இன்றோடு பதினொரு நாள். போன் செய்தால் உன் அக்காதான் எடுக்கிறாள். "அவ தூங்குறா" என்கிறாள். காலை பத்து மணிக்கும் தூங்குகிறாய், சாயங்காலம் ஐந்துக்கும் தூங்குகிறாய். இருபத்தெட்டு வருஷத்தில் நீ இவ்வளவு தூங்கி நான் பார்த்ததில்லை. எழுதினால் நடுவில் போனை வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். கடைச் சிட்டையைத் தவிர வேறெதுவும் எழுதிப் பழகாத கை. பொறுத்துக்கொள்.

அலாரம் வாங்கிவிட்டேன். உனக்குப் பிடிக்காத பேச்சுதான். ஆனாலும் உன்னிடம் மறைத்து நான் எதுவும் செய்ததில்லை.

மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடைக்காரன், "நாங்களே வந்து மாட்டிடுவோம் சார். வீட்ல எத்தனை பேர், எத்தனை மணிக்கு வெளிய போவீங்க?" என்றான். திருடன் கேட்க வேண்டியதையெல்லாம் அவனே கேட்டு முடித்தான். இரண்டாவது ஆள் விவரமானவன். "யாரை சார் எதிர்பார்க்கிறீங்க? தெரியாத ஆளா, வீட்டு உள்ளமைப்பு தெரிஞ்ச ஆளா? அதைப் பொறுத்துதான் சாமான்" என்றான். "பொதுவா" என்றேன். "பொதுவான திருடன்னு யாரும் கிடையாது சார்" என்று சிரித்தான். வெளியே வந்துவிட்டேன். நானே மாட்டுவது என்று அந்தக் கடைப் படியில்தான் முடிவெடுத்தேன். ஆள் வைத்தால் அவனிடம் சொல்லியாக வேண்டும்: வரப்போவது என் பையன், எந்தக் கதவு கீச்சிடும் என்று அவனுக்குத் தெரியும், பீரோ சாவி எந்த டப்பாவில் என்று தெரியும்.

மூன்றாவது கடையில்தான் எடுத்தேன். வயர் இல்லாதது ஒட்டினால் போதும், ஆனால் பேட்டரி போனால் சுவரில் ஒட்டிய சோப்பு டப்பா. அதனால் வயர் உள்ளது. கதவுக்கும் ஜன்னலுக்குமாக ஆறு காந்தம். ஹாலில் ஆள் அசைந்தால் கண்டுபிடிக்கும் கண் ஒன்று. நம்பர் அழுத்துகிற பலகை. வெளிச்சுவருக்குச் சைரன். சிம் போட்டால் மூன்று பேருக்குப் போன் போகுமாம். என் நம்பர், எதிர்வீட்டு வாத்தியார் நம்பர். மூன்றாவது காலியாக இருக்கிறது. கடையிலேயே பெட்டியைப் பிரித்து, சைரனை அலறவிட்டுப் பார்த்த பிறகுதான் எடுத்து வந்தேன். பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் எழுந்து ஓடி வந்தார். அந்தக் கண்ணுக்கு முன்னால் இருபது கிலோ வரை நாய் நடந்தாலும் கண்டுகொள்ளாதாம். நம்மவன் இன்னும் அந்த அளவுக்கு இளைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கல்நெஞ்சக்காரன் என்று அக்காவிடம் சொல்லியிருப்பாய். அவன் வண்டியிலிருந்து விழுந்து காலில் கம்பி வைத்தபோது வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். ஆறு மாதத்தில் வலி போனது, மாத்திரை போகவில்லை. இரண்டு தடவை மருத்துவமனையில் சேர்த்தோம், இரண்டு தடவையும் சுவரேறிக் குதித்தான். அப்புறம் உன் தையல் மிஷின், என் கடைச் சாமான், கேஸ் சிலிண்டர். போன மாதம் சாவிக்காக உன் கையை முறுக்கி மணிக்கட்டை உடைத்துவிட்டான். இனி எடுக்க என்ன மிச்சம், உன் உயிர்தான். அதற்குத்தான் இந்தப் பெட்டி. மாட்டி முடித்ததும் வந்துவிடு.

கையில் போட்ட மாவுக்கட்டு மேல் ஈரம் படாமல் பார்த்துக்கொள். சமையலறையில் இரண்டு வெள்ளை டப்பா இருக்கிறது. உப்பு எது?

கடையை மூடிவிட்டு எழுதியது.

*

மார்ச் 9

குழாய்க்கடை முதலாளிக்கு,

மூடியில் கீறல் இருப்பது உப்பு. மற்றது சோடா உப்பு. இந்நேரம் இரண்டையும் போட்டுப் பார்த்திருப்பீர்கள்.

தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னது நான்தான். அக்காவைக் குறை சொல்ல வேண்டாம்.

நாய் பற்றி எழுதியிருக்கிற இடத்தை மூன்று தடவை படித்தேன். கிழிக்கத்தான் எடுத்தேன், ஏனோ மடித்து வைத்துவிட்டேன். பெற்ற பிள்ளையை நாயோடு சேர்த்து நிறுத்துப் பார்க்க உங்களால்தான் முடியும். "பொதுவா" என்று சொன்னீர்களே, அந்த இடத்தில் மட்டும் அழுதேன். எதற்கு என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை.

தம்பி என் கையை முறுக்கவில்லை. நான் சாவியை விடாமல் பிடித்தேன், அவன் இழுத்தான், கால்மிதியில் தடுக்கி விழுந்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்பதற்கு முன்னால் அவனுக்குக் கேட்டது. "அம்மா" என்றான். சாவியைக் கீழே போட்டுவிட்டுத்தான் ஓடினான். இதை நீங்கள் ஊரெல்லாம் சொல்லும்போது சாவியைப் போட்டுவிட்டு ஓடியதை மட்டும் விட்டுவிடுகிறீர்கள்.

ஒன்று கேட்கிறேன். அவன் திருட வராமல் பசித்து வந்தால் அந்தப் பெட்டிக்கு வித்தியாசம் தெரியுமா? அதைக் கடைக்காரனிடம் கேட்டீர்களா?

மூன்றாவது நம்பருக்கு என்னுடையதைப் போட வேண்டாம். என் பிள்ளை வீட்டுக்கு வந்தான் என்று ஒரு மிஷின் எனக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டாம்.

இன்னொன்றும் எழுத நினைத்தேன். அப்புறம் எழுதுகிறேன்.

*

மார்ச் 15

வீட்டுக்காரிக்கு,

நீ எழுதாமல் விட்டது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நானே கண்டுபிடித்தேன்.

நாலு நாளாகக் கடையைப் பாதி நேரம் மூடிவிட்டு மாட்டினேன். சுவரில் துளை போட்டு, தரையை ஒட்டி வயர் இழுத்து, காந்தத்தை ஜோடி சேர்த்து வைக்க வேண்டும். ஜோடிக்கு நடுவில் ஒரு விரலுக்கு மேல் இடைவெளி விழுந்தால் அலறும். வாசல் ஒன்று, பின்கதவு இரண்டு, சமையலறை ஜன்னல் மூன்று. எதிர்வீட்டு வாத்தியார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "முதலாளி, வயசான காலத்துல மேல ஏறாதீங்க" என்றார். "நீங்க பிடிங்க வாத்தியாரே, விழுந்தா உங்க மேலதான் விழுவேன்" என்றேன்.

மூன்றாம் நாள் ஸ்டோர் ரூம் ஜன்னல். நாலாம் நம்பர். நல்லவேளை அன்று வாத்தியார் வரவில்லை. கொக்கியைத் தொட்டால் வழுக்குகிறது. தையல் மிஷின் எண்ணெய். மிஷின் போய் ஒரு வருஷம் ஆகிறது, எண்ணெய் மட்டும் இருக்கிறது. நாலு கம்பியில் ஒன்றுக்குத் திருகாணியே இல்லை, சும்மா சொருகி வைத்திருக்கிறது. அந்தத் திருகாணியை வெளியிலிருந்து யாராலும் கழற்ற முடியாது. நான் விற்கிற சாமான், எனக்குத் தெரியாதா. தேடினால் அலமாரி மேல் தட்டில், ரவிக்கைத் துணியில் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாய். அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு தட்டு, ஒரு டம்ளர், மடித்த போர்வை, அவனுடைய பழைய தலையணை.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எத்தனை மாதமாக? பூட்டு மாற்றினேன், உன்னைக் கேட்டுத்தான் மாற்றினேன். காவலுக்கு ஆள் போடலாமா என்று நான் புலம்பியபோது எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டு "போடலாமே" என்றாய். சரக்கு கொடுக்கிறவன் ஏமாற்றுவான், வாங்குகிறவன் ஏமாற்றுவான், அதற்கெல்லாம் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தால் மூடிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

கம்பியைத் திருகாணி போட்டு முறுக்கிவிட்டேன். காந்தமும் மாட்டியாகிவிட்டது. இனி அந்த வழி இல்லை.

தட்டைக் கழுவி அடுக்கிவிட்டேன். எதற்கு என்று தெரியவில்லை, அது சுத்தமாகத்தான் இருந்தது.

*

மார்ச் 20

உங்களுக்கு,

ஏழு மாதமாக. செவ்வாயும் வெள்ளியும் உங்களுக்கு லாரி வரும் நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரமாட்டீர்கள். அந்த இரண்டு நாள் வருவான்.

மாத்திரை போடாத நாளில்தான் வருவான். அது அவனாகவே வைத்துக்கொண்ட கணக்கு. கை நடுங்கும், சட்டை நனைந்திருக்கும், பேச்சுக் கோர்வையாக வராது. சாப்பிடுவான். பாதி வெளியே வந்துவிடும், மறுபடியும் போடுவேன். அப்புறம் அரிசி டிரம்மை ஒட்டிப் படுத்து ஒரு மணி நேரம் தூங்குவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் சட்டைக்குப் பட்டன் தைப்பேன். வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் நான் நிம்மதியாக மூச்சு விட்டது.

"முன்வாசல் வழியா வாயேன்டா" என்று கேட்டேன். "வேணாம்மா, அந்தக் கதவுக்குப் பின்னால அப்பா நிக்கிற மாதிரியே இருக்கு" என்றான்.

அந்த நாட்களில் ஒரு கரண்டி காணாமல் போனதில்லை. எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஆமாம், நானும் எண்ணித்தான் பார்த்தேன், நீங்கள் மட்டும் என்ன. சாவிக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாத்திரை போட்டுக்கொண்டு, முன்வாசல் வழியாக வந்தான். அன்றைக்கு வந்தவனை எனக்குத் தெரியாது.

உங்களிடம் சொல்லாதது தப்பு. சொல்லியிருந்தால் ஜன்னலை அன்றே அடைத்திருப்பீர்கள். இதோ, தெரிந்த அன்றே அடைத்துவிட்டீர்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ஜன்னலை விட்டுவிடுங்கள். மீதி வீட்டுக்கு எத்தனை காந்தம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். அவன் மனுஷனாக வந்து போகிற இடம் அது ஒன்றுதான். அதுவும் இல்லையென்றால் அவன் திரும்பி வர வழியே இல்லை. ஜன்னலை விட்டால் நான் வருகிறேன். இல்லையென்றால் அக்கா வீட்டுத் திண்டாட்டம் எனக்குப் பழகிவிட்டது, இங்கேயே இருந்துகொள்கிறேன்.

*

மார்ச் 25

பையனின் அம்மாவுக்கு,

மூன்று நாள் யோசித்தேன். கடையில் ஒருவனுக்கு முக்கால் அங்குலக் குழாய்க்கு ஒரு அங்குல மூடியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவன் திரும்பி வந்து, "முதலாளிக்கு உடம்பு சரியில்லையா?" என்றான்.

நாலாம் நம்பரை விட்டுவிட்டேன்.

எப்படி என்றும் சொல்கிறேன். பலகையில் ஒரு பட்டன் இருக்கிறது, பைபாஸ் என்கிறார்கள். அதை அழுத்தி நாலு என்று போட்டால், மற்ற எல்லாம் விழித்திருக்கும்போது அந்த ஜன்னலை மட்டும் பெட்டி கண்டுகொள்ளாது. நேற்று சாயங்காலம் போட்டேன். அலாரத்தை ஓடவிட்டு வெளியே சுற்றிப் போய் நானே ஜன்னலைத் திறந்தேன். சத்தமில்லை. மூடித் திறந்தேன், சத்தமில்லை. கையை உள்ளே விட்டு ஆட்டிப் பார்த்தேன், சத்தமில்லை. கம்பியையும் முன்போலச் சொருகி வைத்துவிட்டேன்.

ஆனால் ஒன்று. ஸ்டோர் ரூம், சமையலறை, அவ்வளவுதான். ஹாலுக்குள் கால் வைத்தால் அந்தக் கண் பிடித்துவிடும். அதை நிறுத்தமாட்டேன். பாதி வீடு கொடுத்திருக்கிறேன், என்னால் முடிந்தது அதுதான்.

உன்னைப் போலச் சமைக்க வராது. ஹோட்டலில் வாங்கி அடுப்பு மேடையில் மூடி வைக்கிறேன். போர்வை போதாது, தரை சில்லென்று இருக்கிறது. ஒரு மெத்தை வாங்கிப் போட்டேன். கடைக்காரன் "விருந்தாளியா?" என்றான். ஆமாம் என்றேன்.

அவனுக்குச் சொல்லி அனுப்பு. நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், வரமாட்டான். நீ விட்டு வைத்திருப்பதாகச் சொல்.

*

மார்ச் 30

வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவிடம் படித்துக் காட்டினேன். "மெத்தையா, அந்த மனுஷனா?" என்றாள். நானும் அதைத்தான் நினைத்தேன்.

மார்க்கெட் முக்குச் சலூன்காரருக்குப் போன் போட்டேன். தம்பி முடி வெட்டுவதும் அங்கேதான், சில நாள் படுப்பதும் அங்கே பெஞ்சில்தான். அவர் அவனிடமே போனைக் கொடுத்துவிட்டார். குரல் தெளிவாக இருந்தது. ஆறு நாளாக மாத்திரை தொடவில்லை என்றான். நம்புகிறேனோ இல்லையோ, கேட்க நன்றாக இருந்தது. "ஜன்னல் இருக்காம்மா?" என்று கேட்டான். "இருக்குப்பா. நான் விட்டு வெச்சிருக்கேன். பயப்படாம வா" என்றேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் வருகிறான்.

அவனுக்குக் காரம் ஆகாது, வயிறு புண்ணாக இருக்கும். தயிர் வாங்கி வையுங்கள். தண்ணீர்ச் சொம்பை மெத்தைக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

அடுத்த வாரம் கட்டுப் பிரிக்கிறார்கள். பிரித்ததும் வந்துவிடுகிறேன்.

*

ஏப்ரல் 4

பையனின் அம்மாவுக்கு,

வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதற்கு முன்னால் நானே எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் இரண்டு இருபதுக்கு என் போன் அடித்தது. எடுத்தால் மிஷின் பேசுகிறது. நாலாம் நம்பர் என்கிறது. கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாத்தியார் சொன்னதை எழுதுகிறேன். சைரன் அலறியதும் தெருவே வெளியே வந்திருக்கிறது. அவன் பாதி உடம்பு ஜன்னலுக்குள் இருக்கும்போதே அலறியிருக்கிறது. பின்னால் இழுத்துக்கொண்டு சுவரேறிக் குதித்தவன், கம்பி வைத்த காலிலேயே விழுந்திருக்கிறான். பக்கத்து மனையில் கட்டட வேலை செய்கிறவர்கள் நாலைந்து பேர் பிடித்துக்கொண்டார்கள். அடித்தார்கள். மண்வெட்டிக் காம்பால் என்கிறார் வாத்தியார். அவர் பனியனோடு ஓடி வந்து, "விடுங்கப்பா, அது முதலாளி பையன்" என்று கத்தியிருக்கிறார். ஒருவன் கேட்டானாம், "முதலாளி பையன் எதுக்கு சார் ஜன்னல்ல ஏறணும்?" அதற்குள் நம்மவன் எழுந்து, காலை இழுத்துக்கொண்டே தெருமுனை தாண்டிவிட்டான்.

நடந்தது என் தப்பு. பைபாஸ் போட்டால் போட்டதுதான் என்று இருந்தேன். அப்படி இல்லையாம். ஒரு தடவை அலாரத்தை நிறுத்தினால் பைபாஸும் சேர்ந்து அழிந்துவிடும். ஒவ்வொரு தடவை வெளியே போகும்போதும் புதிதாகப் போட வேண்டுமாம். கூடவே வந்த புத்தகத்தில் முப்பத்தொன்றாம் பக்கத்தில் அச்சடித்திருக்கிறது. பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தால்தான் அந்த ஜன்னல் விட்டிருப்பதாக அர்த்தம். நான் சோதித்த அன்று எரிந்தது. மறுநாள் காலையிலிருந்து எரியவில்லை, நான் கவனிக்கவும் இல்லை. புத்தகம் படித்து நான் எந்தச் சாமானையும் வாங்கியதில்லை, விற்றதும் இல்லை. கையால் பார்த்தேன், சரியாக இருந்தது, நம்பிவிட்டேன்.

தயிர், சாப்பாடு எல்லாம் மூடியபடியே இருந்தது.

ராத்திரி சலூனுக்குப் போனேன். வரவில்லை என்றார். என்னைப் பார்த்துச் சொல்லாமல், கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். அவனிடம் நீயே சொல்லு. அப்பா வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்லு. நான் சொன்னால் எடுபடாது.

*

ஏப்ரல் 10

குழாய்க்கடை முதலாளிக்கு,

நான் சொன்னாலும் எடுபடாது. சொல்ல ஆளும் இல்லை.

சலூன்காரர் எனக்குப் போன் செய்தார். அன்று தம்பி அங்கேதான் போயிருக்கிறான். முகத்தைக் கழுவிவிட்டு, துணி வைத்துக் காலைக் கட்டியிருக்கிறார். அவன் யாரையும் திட்டவில்லையாம். ஒன்றே ஒன்றுதான் கேட்டானாம். "அம்மாவுக்கும் தெரியுமாண்ணே?" அவர் என்ன சொல்வார். தெரியாதுப்பா என்றிருக்கிறார். "அம்மாதான் போன்ல பயப்படாம வான்னாங்க" என்றானாம். சாயங்காலம் பஸ் ஏறிவிட்டான். எந்த ஊர் பஸ் என்று அவர் பார்க்கவில்லை.

முப்பத்தொன்றாம் பக்கம் என்கிறீர்கள். ஒரு பெட்டி குழாய் வந்தால் ஒவ்வொன்றையும் வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்க்கிற ஆள் நீங்கள். கல்யாணமான புதிதில் நானே பக்கத்தில் நின்று துடைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒருத்தனும் உங்களிடம் ஒழுகுகிற சாமானைத் தள்ளியதில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும், நம் பிள்ளை வருகிற அன்றைக்கு மட்டும், விளக்கு எரிகிறதா என்று பார்க்க மறந்துவிட்டீர்கள். வெளி ஆள் சொன்னால் நீங்களே நம்புவீர்களா?

நம்பத்தான் பார்க்கிறேன். ஒரு நாள் நம்புகிறேன், மறுநாள் முடியவில்லை. நம்பாத நாளில் உங்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. நம்புகிற நாளில் அதைவிட மோசம்.

கட்டுப் பிரித்துவிட்டார்கள். விரல் மடங்குகிறது. நான் வரவில்லை.

*

மே 6

பையனின் அம்மாவுக்கு,

நீ பதில் போட வேண்டும் என்று இதை எழுதவில்லை. ஆனால் உனக்குத் தெரிந்தாக வேண்டும். அவன் வந்துவிட்டுப் போயிருக்கிறான்.

நீ அப்படி எழுதிய கடிதம் வந்த அன்றே அலாரத்தைக் கழற்றிவிட்டேன். சைரன், கண், வயர் எல்லாம். சுவரில் ஓட்டை மட்டும் இருக்கிறது. நாலாம் நம்பர் ஜன்னலைக் கொக்கி போடாமல் விட்டேன். தினமும் கடைக்குப் போகும்போது சாப்பாடு வாங்கி மூடி வைத்துவிட்டுப் போவேன், சாயங்காலம் வந்து எடுத்துக் கொட்டுவேன். இருபத்து நாலு நாள் கொட்டினேன். வாத்தியார், "முதலாளி, தெருநாய்க்குக் கொடுத்தாலும் புண்ணியம்" என்றார். நாய் என்ற பேச்சை மட்டும் என்னிடம் எடுக்காதீர்கள் என்றேன்.

நேற்று சாயங்காலம் கதவைத் திறந்தேன். மிக்ஸி இல்லை. ரேடியோ இல்லை. பித்தளைக் குழாய் மாதிரிகள் வைத்திருந்த பெட்டி இல்லை. மெத்தையில் ஆள் படுத்த பள்ளம். சாப்பாடு ஒரு பருக்கை இல்லாமல் காலி. தட்டைக் கழுவி, சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறது. நீ சொல்லிக் கொடுத்ததுபோல.

இருபது வயதில் தள்ளுவண்டியில் ஆரம்பித்தவன் நான். ஒரு ஆணி போனாலும் தூக்கம் வராது. திருட்டுப் போனதற்கு நான் சந்தோஷப்பட்டது நேற்றுதான். அந்தத் தட்டை இன்னும் எடுக்கவில்லை, அப்படியே இருக்கிறது.

பக்கத்துத் தெருவிலும் ஒரு வீட்டில் போயிருக்கிறது. போலீஸில் அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். நான் கொடுக்கவில்லை.

*

மே 11

வீட்டுக்காரருக்கு,

எடுத்துக்கொண்டு போகட்டும். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளட்டும்.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அக்கா வீட்டு மாடிக்கும் கீழுக்கும் நடந்தேன். கோபத்தில் எழுதியதெல்லாம் எழுதியதுதான், இப்போது அதைப் பேச வேண்டாம். அவன் சாப்பிட்டான் என்றால் நம் மேல் ஆத்திரம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நானே சமைக்கிறேன். ஹோட்டல் சாப்பாட்டில் அவன் வயிறு கெட்டுவிடும்.

*

மே 14

பையனின் அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கூரியரில் போடுகிறேன், சனிக்கிழமைக்கு முன்னால் உன் கையில் கிடைக்க வேண்டும். போனில் சொல்ல இரண்டு தடவை எடுத்தேன். நீயே எடுத்தாய். குரலைக் கேட்டதும் வைத்துவிட்டேன். அது நான்தான்.

வந்தது நம் பையன் இல்லை.

திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். பக்கத்துத் தெருவில் திருடியவனைப் பிடித்துவிட்டார்கள். நாற்பது வயதிருக்கும், ஒடிசலான ஆள். "இவன் உங்க வீட்டையும் சொல்றான் சார், சாமானைப் பாருங்க" என்றார்கள். மேஜை மேல் நம் மிக்ஸி, ரேடியோ, குழாய்ப் பெட்டி. அந்தக் குழாய் ஒவ்வொன்றும் எனக்கு இருட்டில் தடவினாலும் தெரியும்.

"உங்களுதுதானே?" என்றார் போலீஸ்காரர்.

"இல்ல" என்றேன்.

"நல்லா பாருங்க. ஜன்னல் திறந்தே கிடந்துச்சு, கம்பி கையோட வந்துச்சுன்னு இவனே சொல்றான்."

"என் வீட்டுக்கு வந்தது என் பையன்."

அவர் பேனாவை எடுத்தார். "அப்ப பையன் மேல கேஸ் குடுக்கறீங்களா?"

"வேணாம்."

கிளம்பும்போது அந்த ஆள் தரையில் உட்கார்ந்தபடி கூப்பிட்டான். "ஐயா, நீங்கதானா அந்த வீடு? ரெண்டு நாள் பட்டினிங்க. சாப்பாடு வெச்சிருந்தீங்க, சாப்பிட்டேன். தட்டைக் கழுவி வெச்சுட்டுத்தான் வந்தேன்." நன்றி சொல்கிற மாதிரிதான் சொன்னான். போலீஸ்காரர்கள் சிரித்தார்கள்.

ஸ்டேஷனில் சொன்னதையே உன்னிடமும் சொல்லிவிடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். நீ வந்துவிடுவாய், சமைப்பாய், செவ்வாயும் வெள்ளியும் உட்கார்ந்து காத்திருப்பாய். அதைத் தினமும் பக்கத்திலிருந்து பார்க்க என்னால் முடியாது. சலூன்காரரிடம் நேற்றும் கேட்டேன். ஏப்ரலுக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு போன் கூட வரவில்லை என்றார். பஸ் ஸ்டாண்டில் மூன்று டிரைவர்களிடம் போட்டோவைக் காட்டினேன். ஒருவர் ஏற்றிய மாதிரி இருக்கிறது என்றார். எங்கே இறக்கினார் என்று அவருக்கு நினைவில்லை. இதுதான் நமக்குத் தெரிந்தது. இதற்கு மேல் தெரியப் போவதும் இல்லை என்றுதான் தோன்றுகிறது.

இப்போதாவது நம்பு. அந்த மஞ்சள் விளக்கை நான் பார்க்கவில்லை. வேண்டுமென்று செய்தவனாக இருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன். நம்பினாலும் அவன் வரப்போவதில்லை, அதுவும் தெரியும்.

இதைத் தெரிந்துகொண்டு வருவதாக இருந்தால் வா. வராவிட்டால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

ஒரே ஒரு விஷயம் நீதான் முடிவு செய்ய வேண்டும். ஜன்னல் இன்னும் திறந்துதான் இருக்கிறது. கடைக்குப் போகும்போது தினமும் அதன் முன்னால் வந்து நிற்கிறேன், கொக்கியில் கை வைக்கிறேன். திறந்து வைத்தால் வருகிறவன் அவனாக இருக்கமாட்டான். மூடினால், இனி அவன் இல்லை என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும். இத்தனை வருஷம் எதை வாங்குவது, எதை விடுவது என்று யாரையும் கேட்டு நான் செய்ததில்லை. இதை எனக்குச் செய்யத் தெரியவில்லை. மூடட்டுமா, வேண்டாமா, அதை மட்டும் எழுதி அனுப்பு.